கட்சிக்கொடி பிடித்த கைக்கு அரசு வேலை கிடைக்காதா?

திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் பேரும் வெளியே வரக்கூடாது என்று கேட்டிருப்பதால் அதையெல்லாம் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வயது 23. பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2, குரூப் 4 இரண்டுக்கும் வீட்டிலிருந்தே படிக்கிறார். தாத்தா செங்கொடிச் சங்கத்து ஆள், ஒவ்வொரு டிசம்பர் 25-ம் தேதியும் பேத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு கீழ்வெண்மணி நினைவிடத்துக்குப் போனவர். அந்தப் பேத்தி இரண்டு வருடமாக வாலிபர் சங்கத்தில் இருக்கிறார். இப்போது மார்க்சிஸ்ட் கட்சியில் சேர மனுவும் கொடுத்திருக்கிறார். சில மாதங்களுக்கு முன்னால் நூறு நாள் வேலைக் கூலி பாக்கிக்காக நடந்த சாலை மறியலில் உட்கார்ந்திருக்கிறார். போலீஸ் எல்லாரையும் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து, பேர், முகவரி எழுதிக்கொண்டு, மத்தியானம் சாப்பாடு போட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு விட்டுவிட்டது. கொடியோடு நின்ற படத்தை அன்றைக்கே ஃபேஸ்புக்கில் போட்டார், அப்பா பார்த்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் சண்டை. "உன் பேரு ஸ்டேஷன்ல ஏறிடுச்சு, இனிமே அரசு வேலையை மறந்துடு, நக்சலைட்டுன்னு எழுதிடுவாங்க" என்கிறார் அப்பா. கட்சியை விடாவிட்டால் சொத்தில் சல்லிக்காசு கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

"எனக்கு இதுல பெருமைதான் அக்கா, வெட்கப்பட ஒண்ணுமே இல்ல. ஆனா வேலை வேணும்னா மறைக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. மறைக்கணுமா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புத் தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மறைக்க வேண்டாம். சட்டப்படி பார்த்தாலும் வேண்டாம், உங்கள் வேலைக்காகப் பார்த்தாலும் வேண்டாம். ஒரு வக்கீலாக, இந்த மாதிரி விவகாரங்களில் பிள்ளைகளுக்கு வேலை போனதை நான் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் கொடி பிடித்ததால் போகவில்லை, படிவத்தில் 'இல்லை' என்று எழுதியதால் போனது. அதை விவரமாகச் சொல்வதற்கு முன்னால் உங்கள் அப்பாவின் பயத்தைக் கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் அதில் பாதி தப்பு, பாதி சரி.

நக்சலைட் என்று எழுதிவிடுவார்களா?

மாட்டார்கள். நீங்கள் மனு கொடுத்திருக்கிற கட்சி தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்யப்பட்ட, அங்கீகாரம் பெற்ற தேசியக் கட்சி. 2024 மக்களவைத் தேர்தலில் மதுரை, திண்டுக்கல் தொகுதிகளில் அந்தக் கட்சி வேட்பாளர்கள்தான் ஜெயித்தார்கள். தடை செய்யப்பட்டது வேறு அமைப்பு, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி மாவோயிஸ்ட் என்ற பெயரில் இயங்கியது, அதை 2009-ல் மத்திய அரசு சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் பட்டியலில் சேர்த்தது. பேரில் ஒரே வார்த்தை வருவதால் ஊரில் பெரியவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பேசுகிறார்கள். இந்த வித்தியாசம் உங்களுக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும், தடை செய்யப்பட்ட அமைப்பில் வெறும் உறுப்பினராக இருப்பதே குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லிவிட்டது. யார் கூப்பிட்டாலும், எந்த வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தாலும், அது எந்த அமைப்பு என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

ஆனால் அப்பாவின் பயம் காற்றிலிருந்து வந்ததில்லை. அவருடைய அப்பா காலத்தில், 1949-ல், சென்னை மாகாணத்தில் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. 1950 பிப்ரவரியில் சேலம் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் காலத்தில் கம்யூனிஸ்ட் தொடர்பைக் காரணம் காட்டி ரயில்வே தொழிலாளர்களை வேலையைவிட்டு அனுப்பினார்கள், பாலகோட்டையா வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதைச் செல்லும் என்றுதான் தீர்ப்புச் சொன்னது. தாத்தாவைப் பார்த்து வளர்ந்த ஒரு மகன் இதையெல்லாம் கேட்டுத்தான் வளர்ந்திருப்பார். அவரை 'புரியாதவர்' என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவருக்குப் புரிந்திருக்கிறது, பழைய கணக்கு புரிந்திருக்கிறது, அதற்கு அப்புறம் மாறியது மட்டும் தெரியவில்லை.

மாறியது என்ன என்றால், 1983-ல் வந்த ஒரு தீர்ப்பு. மத்தியப் பிரதேசத்தில் ராம்சங்கர் ரகுவன்ஷி என்ற ஆசிரியர். அவர் வேலை பார்த்த நகராட்சிப் பள்ளியை அரசு எடுத்துக்கொண்டபோது போலீஸ் விசாரணை நடந்தது, அவர் முன்பு ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்க நடவடிக்கைகளில் கலந்துகொண்டவர் என்று அறிக்கை வந்தது, வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பில், வேலைக்கு வருவதற்கு முன்னால் ஒருவர் சட்டபூர்வமான அரசியலில் இருந்தார் என்பதற்காக மட்டும் அரசு வேலையை மறுக்க முடியாது, அது அரசியல் சட்டம் தந்திருக்கிற பேச்சுரிமைக்கும் சங்கம் அமைக்கும் உரிமைக்கும் எதிரானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே காப்பாற்றப்பட்டவர் உங்களுக்கு நேர் எதிர்க் கொள்கைக்காரர். அதனால்தான் அந்தத் தீர்ப்பு எனக்குப் பிடிக்கும். அவருக்குக் கிடைத்த அதே பாதுகாப்பு உங்களுக்கும் உண்டு. தேர்வுக்குப் படிக்கிற காலத்தில் கட்சி உறுப்பினராக இருப்பதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை.

மண்டபத்தில் வைத்து விட்டுவிட்டார்களே, வழக்கு இல்லைதானே?

இதுதான் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த இடம். "சாயங்காலம் விட்டுட்டா கேஸ் இல்ல, ஃபார்ம்ல இல்லைன்னே போடலாம்னு ஒரு தோழர் சொன்னார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தோழர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் தப்பாகச் சொல்லியிருக்கிறார்.

மண்டபத்தில் வைத்து சாயங்காலம் விடுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, குற்றம் நடக்காமல் தடுப்பதற்காகப் பிடித்து வைப்பது. புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 170-வது பிரிவில் அந்த அதிகாரம் இருக்கிறது, பழைய சட்டத்தில் 151. அதோடு முடிந்துவிட்டால் உங்கள் மேல் குற்ற வழக்கு ஒன்றும் இருக்காது. இன்னொன்று, சட்டவிரோதமாகக் கூடியது, வழியை மறித்தது, அதிகாரியின் உத்தரவை மீறியது என்று எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டு சொந்த ஜாமீனில் விடுவது. பழைய ஆட்கள் இந்திய தண்டனைச் சட்டத்தை வைத்து 143, 341, 188 என்று சொல்வார்கள், 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே குற்றங்கள் 189, 126, 223 ஆகிவிட்டன. மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு இந்த இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், அதே வேன், அதே சாம்பார் சாதம், அதே ஆறு மணி. காகிதத்தில்தான் வித்தியாசம். அதுவும் எஃப்.ஐ.ஆரில் நாலு தலைவர்கள் பேரை எழுதி 'மற்றும் பலர்' என்று முடித்திருப்பார்கள், அப்புறம் குற்றப்பத்திரிகை போடும்போது மண்டபத்தில் எழுதிய பட்டியலிலிருந்து பேரைச் சேர்ப்பார்கள். இரண்டு வருடம் கழித்து சம்மன் வந்த பிறகுதான் தன் மேல் வழக்கு இருப்பதே தெரிந்த பையன்கள் எத்தனையோ பேர் என் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார்கள்.

அதனால் இந்த வாரமே தெரிந்துகொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது, தமிழ்நாடு காவல்துறையின் தளத்தில் காவல் நிலையமும் தேதியும் கொடுத்துப் பார்க்கலாம். இ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் பேரைப் போட்டும் தேடுங்கள். கட்சியில் அன்றைய போராட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவரிடம் கேட்டால் வழக்கு எண் அவரிடமே இருக்க வாய்ப்பு அதிகம். எதிலும் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் காவல் நிலையத்துக்கு ஒரு மனு போடுங்கள், எழுத்தில் வருகிற பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

வழக்கு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பயப்பட வேண்டாம். நான் சொன்ன மூன்றும் சின்னப் பிரிவுகள், அதிகபட்சத் தண்டனை ஒரு வருடத்தைத் தாண்டாது என்பதால், இவற்றுக்குச் சட்டத்தில் ஒரு வருடக் காலவரம்புதான் உண்டு, அதைத் தாண்டினால் நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள முடியாது. உத்தரவை மீறிய குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். மட்டும் போதாது, சம்பந்தப்பட்ட அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துமூலமாகப் புகார் கொடுக்க வேண்டும். 2018-ல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லி, அமைதியாகப் போராடியவர்கள் மேல் போட்ட இப்படிப்பட்ட வழக்குகளை ரத்து செய்தது. உங்கள் வழக்கையும் ரத்து செய்யச் சொல்லி மனுப் போடலாம். சில சமயம் போலீஸே 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்', அதாவது தகவல் தவறு, என்று எழுதி வழக்கை முடித்துவிடும். சில சமயம் அரசே போராட்ட வழக்குகளை மொத்தமாக வாபஸ் வாங்கும். அன்றைக்குக் கல்லெறிதல், பஸ் கண்ணாடி உடைதல், போலீஸைத் தள்ளிவிட்டது என்று எதையாவது சேர்த்திருந்தால் மட்டும் விஷயம் வேறு, அதற்குக் காலவரம்பும் அதிகம், தண்டனையும் அதிகம், உடனே வக்கீலைப் பாருங்கள்.

ஃபைன் கட்டி முடிப்பதைப் பற்றி

இதைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் யாரும் சொல்லித் தருவதில்லை. சம்மன் வந்து கோர்ட்டுக்குப் போனால், வராண்டாவில் யாராவது "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிடும்மா, இன்னைக்கே முடிஞ்சிடும்" என்பார்கள். வாய்தாவுக்கு அலைய முடியாது, சின்னத் தொகைதானே, கட்டிவிடலாம் என்று உங்களுக்கும் தோன்றும். கட்டாதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது என்றால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் தண்டிக்கப்பட்டவர். தொகை எவ்வளவு சின்னது என்பது கணக்கே இல்லை. வயலில் வேலை செய்கிற அறுபது வயது அம்மாவுக்கு அது ஒரு நாள் தொல்லை முடிந்த மாதிரி, அரசு வேலைக்குப் படிக்கிற உங்களுக்கு அது ஆயுசு முழுக்க ஒவ்வொரு படிவத்திலும் எழுத வேண்டிய வரி. உங்களோடு மறியலில் உட்கார்ந்த மற்ற இளைஞர்களுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். எல்லாரும் சேர்ந்து கட்டலாம் என்று பொறுப்பாளர் முடிவு எடுத்தாலும், உங்கள் பங்குக்கு மட்டும் வழக்கை நடத்த உங்களுக்கு உரிமை இருக்கிறது. கூட நின்றவர்களை விட்டுவிட்டதாக அதற்கு அர்த்தம் இல்லை, யாரும் அப்படி நினைக்கவும் கூடாது.

படிவத்தில் என்ன எழுதுவது?

டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பதாரர்களுக்குத் தருகிற அறிவுரைகளை முழுசாகப் படித்திருக்கிறீர்களா? பாடத்திட்டத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறவர்கள்கூட அதைப் படிப்பதில்லை. கைது, தண்டனை, குற்ற வழக்கு, போராட்டத்திலோ அரசியல் அமைப்பிலோ கலந்துகொண்டது, தேர்தலில் நின்றது, இவையெல்லாம் இருந்தால் விண்ணப்பிக்கும்போதே உண்மையாகச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. இதைக் கேட்பதாலேயே வேலை இல்லை என்று ஆகிவிடாது, மேலே சொன்ன 1983 தீர்ப்பு அதற்குத்தான். ஆனால் கேட்டதை மறைத்தால் அது வேறு குற்றச்சாட்டு, 'இவர் மறியல் செய்தார்' என்பது போய் 'இவர் பொய் சொன்னார்' என்று ஆகிவிடும். முதலாவதை எதிர்த்து உங்களுக்காக வாதாட ஒரு வக்கீலுக்கு எவ்வளவோ இருக்கிறது. இரண்டாவதற்கு வாதமே கிடைப்பது கஷ்டம்.

2016-ல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு இதை விவரமாக எழுதியது. சொன்ன தகவல் உண்மையாக இருக்க வேண்டும், மறைத்தால் நியமனத்தையே ரத்து செய்யலாம், அதே சமயம் விஷயம் அற்பமானதாக இருந்தால் வேலை கொடுப்பவர் அதை மன்னித்து விட்டுவிடவும் செய்யலாம் என்றது. அற்பமான விஷயத்துக்கு அந்தத் தீர்ப்பே கொடுத்த உதாரணம் என்ன தெரியுமா? இளம் வயதில் கோஷம் போட்டது! உங்களுக்கென்றே எழுதிய மாதிரி இருக்கிறது. ஆனால் மன்னிப்பது அவர்கள் விருப்பம், உங்கள் உரிமை இல்லை. அந்த மன்னிப்பை நம்பி 'இல்லை' என்று எழுத வேண்டாம். வழக்கு இருந்தால் எண், பிரிவு, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதுங்கள், முடிந்துவிட்டால் உத்தரவு நகலை வாங்கிச் சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கொண்டுபோங்கள். காவல்துறை மாதிரி சீருடைப் பணிகளில் இதையெல்லாம் இன்னும் கண்டிப்பாகப் பார்ப்பார்கள், நீங்கள் எழுதுவது குரூப் 2-ம் குரூப் 4-ம் என்பதால் அந்த அளவு பயம் வேண்டாம்.

பாஸ்போர்ட் பற்றி ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் நீதிமன்ற அனுமதி வாங்கி விண்ணப்பிக்கலாம். வெறும் எஃப்.ஐ.ஆர். நிலையில் இருந்தால் அதை நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வேலை கிடைத்த பிறகு

"அரசியல் சட்டம் உரிமை கொடுத்திருக்கு, அதனால வேலையில சேர்ந்த பிறகும் கட்சியில இருக்கலாம்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்க முடியாது. இதில் நான் உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973, அரசு ஊழியர் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது, தேர்தல் வேலை செய்யக் கூடாது என்கின்றன. வெளியிலிருந்து உதவுவதற்கும் அதே தடைதான். ஓட்டுப் போடலாம், யாருக்கு என்று சொல்லிக்கொண்டு திரியக் கூடாது. நீங்களாக விரும்பி அரசுப் பணிக்குப் போகும்போது இந்தக் கட்டுப்பாட்டையும் சேர்த்துத்தான் ஏற்றுக்கொள்கிறீர்கள், நீதிமன்றங்கள் அப்படித்தான் பார்க்கின்றன. 2003-ல் தமிழ்நாட்டில் அரசு ஊழியர் வேலைநிறுத்தம் நடந்து, ஒரே இரவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை டிஸ்மிஸ் செய்தார்களே, உங்கள் அப்பாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். அப்போது உச்ச நீதிமன்றத்துக்குப் போனது உங்கள் கட்சித் தலைவர் டி.கே. ரங்கராஜன். பெரும்பாலானவர்களுக்கு வேலை திரும்பக் கிடைத்தது, ஆனால் வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமை இல்லை என்றும் அதே தீர்ப்பு சொல்லிவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் இன்றுவரை உடன்பாடு இல்லை, ஆனால் நடைமுறையில் இருப்பது அதுதான்.

ஆக, நியமன ஆணை வந்தால், பணியில் சேரும் தேதிக்கு முன்பே கட்சிக்கும் வாலிபர் சங்கத்துக்கும் எழுத்தில் விலகல் கடிதம் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கட்சியில் இதைத் துரோகமாகப் பார்க்க மாட்டார்கள், அரசு வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் செய்வதுதான். வேலைக்குப் போன பிறகு அங்கீகரிக்கப்பட்ட ஊழியர் சங்கத்தில் சேரலாம், அதற்குத் தடை கிடையாது. நினைப்பதற்கும் படிப்பதற்கும் எந்த விதியும் கிடையாது.

இல்லை, கட்சி வேலைதான் வேண்டும் என்று தோன்றினால், அதுவும் ஒரு வாழ்க்கைதான், முழுநேர ஊழியராக இருந்து கொடுக்கிற சொற்ப அலவன்ஸில் நிமிர்ந்து வாழ்கிறவர்களை நம் மாவட்டத்திலேயே பார்க்கலாம். ஆனால் அதை இன்றைக்கு முடிவு செய்ய வேண்டியதில்லை. உங்கள் கட்சியின் அமைப்புச் சட்டமே அவசரப்படச் சொல்லவில்லை, 18 வயது நிரம்பியவர் இரண்டு உறுப்பினர்கள் பரிந்துரையோடு மனு கொடுத்தாலும் முதல் ஒரு வருடம் முழு உறுப்பினர் ஆக மாட்டார், இரண்டு பக்கமும் பார்த்துப் பழகுவதற்கான காலம் அது. அந்த ஒரு வருடத்துக்குள் தேர்வுகளை எழுதிவிடுங்கள்.

"சங்கரய்யா மாதிரி நானும் படிப்பை உதறத் தயார்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் திருத்துகிறேன். உங்கள் கட்சியின் மூத்த தலைவராக இருந்த அவர் படிப்பை உதறவில்லை. 1941-ல் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பி.ஏ. இறுதித் தேர்வுக்குச் சில நாட்கள் இருக்கும்போது வெள்ளைக்காரன் போலீஸ் கைது செய்து சிறையில் போட்டது, அதனால்தான் எழுத முடியவில்லை. 2021-ல் தகைசால் தமிழர் விருதோடு வந்த பத்து லட்சத்தை அப்படியே முதல்வர் நிவாரண நிதிக்குக் கொடுத்த மனிதர். அவர்மேல் மரியாதை இருந்தால், அவருக்குக் கிடைக்காத தேர்வு அறை உங்களுக்குக் கிடைத்திருக்கிறது, போய் உட்கார்ந்து எழுதுங்கள்.

அந்த ஃபேஸ்புக் படம்

இருக்கட்டும். சட்டபூர்வமான கட்சியின் கொடியோடு நிற்பது குற்றம் இல்லை. வழக்கு இருக்கிறதா என்று தெரிவதற்கு முன்னால் அவசரமாக அழிப்பது, ஏதோ தப்புச் செய்து தடயத்தை அழித்த மாதிரி ஆகிவிடும். ஆனால் பழைய பதிவுகளை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தனிமனிதரைத் திட்டியது, சாதி மதம் பற்றிச் சரிபார்க்காமல் பகிர்ந்தது ஏதாவது இருக்கிறதா? "நான் எழுதல, ஃபார்வர்டுதான் பண்ணேன்" என்பது உதவாது, பகிர்வதும் அந்தக் கருத்தை ஆதரிப்பதுதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே சொல்லியிருக்கிறது. வேலையில் சேர்ந்த பிறகு கட்சிப் பதிவுகளை நிறுத்திவிட வேண்டும், அது நடத்தை விதிக்குள் வந்துவிடும்.

சொத்து

கோபத்தில் சொன்னதை வைத்து நீங்களும் கோபத்தில் "தாத்தா நிலம், எனக்குப் பங்கு உண்டு" என்று பதில் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு பேருமே கொஞ்சம் தப்பு. பேப்பரில் 'எனக்கும் என் மகளுக்கும் சம்பந்தம் இல்லை' என்று விளம்பரம் கொடுப்பதால் உங்கள் உரிமை எதுவும் போகாது. பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தாக இருந்தால் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பிலேயே பங்கு உண்டு, தமிழ்நாட்டில் 1989-ல் கொண்டுவந்ததை 2005-ல் நாடு முழுவதும் விரிவாக்கினார்கள், 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆனால் தாத்தா தானே சம்பாதித்து வாங்கிய நிலம் அவருக்குப் பின் உங்கள் அப்பாவுக்கு வந்திருந்தால் அது அப்பாவின் தனிச் சொத்து, யாருக்கு வேண்டுமானாலும் அவர் எழுதிவைக்கலாம். பத்திரத்தைப் பார்க்காமல் மேலே சொல்ல முடியாது. இப்போதைக்கு இந்தப் பேச்சையே வீட்டில் எடுக்காதீர்கள் என்பதுதான் என் ஆலோசனை, அவர் கவலைப்படுவது நிலத்தைப் பற்றி இல்லை.

அப்பாவிடம் பேசும்போது

உங்கள் பெருமை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 1968-ல் வெண்மணியில் 44 பேரை உயிரோடு எரித்த இடத்துக்குத் தோளில் ஏறிப் போன குழந்தைக்கு அது சும்மா வந்ததில்லை. என் ஜூனியர் நாட்களில் சீனியர் என்னைப் படிக்கச் சொன்ன முதல் தீர்ப்புகளில் வாச்சாத்தி ஒன்று. 1992 ஜூன் 20-ம் தேதி, தர்மபுரி மாவட்டத்து மலைவாழ் மக்களின் அந்தக் கிராமத்தில் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து நடத்திய கொடுமை. அன்றைய மார்க்சிஸ்ட் கட்சி மாநிலச் செயலாளர் நல்லசிவன் நீதிமன்றம் போனதால் சி.பி.ஐ. விசாரணை வந்தது, மலைவாழ் மக்கள் சங்கம் சாட்சிகளோடு கூடவே நின்றது, 2011-ல் தீர்ப்பு வந்தபோது குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். பத்தொன்பது வருடம் விடாமல் சாட்சி சொன்ன அந்தப் பெண்களை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கும். நீங்கள் பெருமைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் இதையெல்லாம் அப்பாவிடம் பிரசங்கமாகச் சொல்லாதீர்கள், அவருக்கு இது உங்களைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். அவர் கேட்பது ஒன்றே ஒன்று: என் பொண்ணு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் தனியாக அலைவாளா? அதற்குப் பதில் சொல்லுங்கள். பெண்களைச் சூரியன் மறைந்த பிறகும் விடிவதற்கு முன்பும், மிக அவசியமான சூழ்நிலையில் மாஜிஸ்திரேட் அனுமதியோடு பெண் அதிகாரி வந்தால் ஒழிய, கைது செய்யக் கூடாது. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இதையெல்லாம் அவர் காதில் போடுங்கள். அப்புறம், தேர்வு முடியும் வரை மறியல் மாதிரி கைதாக வேண்டிய போராட்டங்களுக்குப் போக மாட்டேன், கூட்டம், வகுப்பு, உண்டியல் வசூல் இதற்கு மட்டும் போவேன் என்று நீங்களாகவே சொல்லிப் பாருங்கள். கட்சியிலும் பொறுப்பாளரிடம் நேராகச் சொல்லிவிடலாம், தேர்வு எழுதுகிற பிள்ளையை ரோட்டில் உட்காரச் சொல்லி யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா என்று பார்க்கப் போகும்போது முடிந்தால் அப்பாவையே கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கண்ணால் பார்க்கட்டும், என்ன பிரிவு, எவ்வளவு சின்ன விஷயம் என்று. வழக்கு இருந்தால் எண்ணையும் பிரிவுகளையும் எனக்கு எழுதி அனுப்புங்கள், சம்பவத் தேதியையும் மறக்காமல் போடுங்கள், ஒரு வருடக் கணக்கை வைத்து அடுத்து என்ன செய்வது என்று பார்க்கலாம்.